முதல் கியூ வாங்கப் போகிறவர்களுக்கு

பூல் (மேசைமேல் கியூ என்ற நீளக் குச்சியால் பந்துகளை அடித்துப் பாக்கெட்டுகளில் தள்ளும் ஆட்டம்) ஆட ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆனவர்கள் பார்லரில் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணா, சொந்தமா ஒரு கியூ வாங்கலாம்னு இருக்கேன். இதுல எது நல்லா இருக்கும்?" கேட்டுக்கொண்டே போனில் நாலைந்து படங்களைத் தள்ளிக் காட்டுவார்கள். கைப்பிடியில் டிராகன் ஓவியம், பளபளக்கும் நீலப் பூச்சு, கூடவே ஒரு பை, ஒரு கையுறை, முனையில் தடவும் நாலு சாக் கட்டி இலவசம். படத்தைப் பெரிதாக்கி நான் தேடுவது கியூவின் மறுமுனையை. முனையில் ஒட்டிய தோலான டிப் எத்தனை மி.மீ., என்ன வகைத் தோல், கியூவின் முன்பாதியான ஷாஃப்ட் என்ன மரம் என்று எங்காவது போட்டிருக்கிறதா? முக்கால்வாசி விளம்பரங்களில் அது இருக்காது. எடையையும் நிறத்தையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. முதல் கியூவிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது, அது நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே இருக்க வேண்டும் என்பதைத்தான். புதிதாக ஆடுகிறவருக்கு ஒரு ஷாட் தவறினால், தவறியது கையா, கண்ணா, நின்ற விதமா என்று தெரிய வேண்டும். கியூவும் தினம் மாறிக்கொண்டே இருந்தால் அது எந்தக் காலத்திலும் தெரியாது. விலை, பெயர், அழகு எல்லாம் அதற்கப்புறம்தான்.

பார்லர் சுவரில் நிற்கும் கியூக்களை ஒருநாள் நிதானமாக எடுத்துப் பாருங்கள். ஒன்றில் டிப் தேய்ந்து, அதற்கு அடியில் இருக்கும் வளையமான ஃபெருலோடு ஒட்டிக் கிடக்கும். இன்னொன்றில் டிப் ஓரமெல்லாம் பிதுங்கி, மேல்பக்கம் தட்டையாகி, சாக் நிற்காமல் வழுக்கும். ஒன்று லேசாக வளைந்திருக்கும். இன்னொன்றை அடித்தால் இரண்டு பாதியும் சேரும் ஜாயின்ட்டில் கடகடவென்று சத்தம் வரும். திங்கட்கிழமை ஒன்று, வியாழக்கிழமை வேறொன்று என்று எடுத்து ஆடுகிறவர் தன்னையறியாமல் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறார். வாரம் இரண்டு முறையாவது ஆடுகிறீர்கள், கொஞ்ச காலமாக விடாமல் ஆடுகிறீர்கள் என்றால் சொந்தக் கியூ ஆடம்பரம் கிடையாது. தாராளமாக வாங்கலாம்.

வாங்கும்போது நம் ஊரில் ஒரு விசேஷச் சிக்கல் இருக்கிறது. நம் பார்லர்கள் அடிப்படையில் ஸ்னூக்கர் இடங்கள். ஸ்னூக்கர் பிறந்ததே இந்தியாவில்தானே. 1875இல் ஜபல்பூரில் இருந்த இளம் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் அதைத் தொடங்கினார், பிற்பாடு ஊட்டி கிளப்பில் அதற்கு விதிகள் எழுதி மாட்டப்பட்டன என்பது பலரும் ஏற்றுக்கொண்ட வரலாறு. அதனால் பார்லர் நடுவில் பன்னிரண்டு அடி ஸ்னூக்கர் மேசைகள் நிற்கும், ஒரு ஓரத்தில் ஒன்றிரண்டு பூல் மேசைகள் இருக்கும். சுவரில் இருப்பதும், விளையாட்டுச் சாமான் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவதும் ஸ்னூக்கர் கியூதான். "ரெண்டுக்கும் ஒண்ணுதாங்க" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ. விட்டம். அமெரிக்கன் பூல் பந்து 57.15 மி.மீ., கனமும் கூட. 156 முதல் 170 கிராம் வரை இருக்கும். அதற்கேற்ப ஸ்னூக்கர் கியூவின் டிப் 9 முதல் 10 மி.மீ., பூல் கியூவின் டிப் பொதுவாக 12 முதல் 13 மி.மீ. ஸ்னூக்கர் ஷாஃப்ட் பெரும்பாலும் ஆஷ் மரம்; அதன் ரேகைகள் அம்புமுனைகளாக வரிசையாகத் தெரியும், குறி பார்க்க அழகாக இருக்கும். முனையில் பித்தளை ஃபெருல். பூல் ஷாஃப்ட் வட அமெரிக்க ஹார்டு மேப்பிள், ரேகை கண்ணுக்கே சரியாகத் தெரியாத வழவழப்பு. ஸ்னூக்கர் கியூவால் பூல் ஆடவே முடியாது என்றில்லை, பலர் ஆடுகிறார்கள். ஆனால் பூலில் பதினைந்து கனமான பந்துகள் ஒட்டி நிற்கும்போது அவற்றைச் சிதறடிக்க முழு வேகத்தில் முதல் அடியான பிரேக் அடிக்கிறோம். அந்த மெல்லிய முனை அதற்காகச் செய்யப்பட்டதில்லை. டிப் சீக்கிரம் தேயும், ஃபெருல் ஆட்டம் காணும். ஸ்னூக்கர், பூல் இரண்டையும் ஆடுகிறவர்கள் இரண்டு கியூ வைத்துக்கொள்வதுதான் முறை. பூல்தான் உங்கள் ஆட்டம் என்று தீர்மானித்துவிட்டால் பூல் கியூவே வாங்குங்கள்.

கியூவைப் பார்த்து வாங்குவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், நான் வழக்கமாக ஆடும் இடத்து மார்க்கர். மேசை துடைப்பதில் இருந்து ஸ்கோர் எழுதுவது வரை எல்லாம் அவர்தான். வயசு வித்தியாசம் பார்க்காமல் எல்லோருக்கும் அவர் அண்ணே. ஒரு கல்லூரிப் பையன் புதுக் கியூ வாங்கிவந்து அவரிடம் நீட்டினான். அண்ணே கைப்பிடியின் வேலைப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் கியூவைக் கழற்றி ஷாஃப்ட்டை மட்டும் கையில் எடுத்தார். தச்சர்கள் பலகையைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஜாயின்ட் பக்கத்திலிருந்து முனைவரை பார்த்தார். கால்வட்டம் திருப்பி மறுபடி பார்த்தார். இன்னொரு கால்வட்டம். அப்புறம் மேசைத் துணிமேல் வைத்து விரல்நுனியால் உருட்டிவிட்டு, குனிந்து முனைக்கு அடியில் தெரிந்த வெளிச்சத்தைக் கவனித்தார்.

"கீழ சந்து தெரியுதேண்ணே, வளைஞ்சிருக்கா?" என்றான் பையன்.

"சந்து தெரியத்தான் செய்யும் தம்பி. முனை மெல்லிசு, அடி கனம். சந்து ஒரே அளவா இருக்குதா, உருளும்போது கூடிக் கூடிக் குறையுதா, அதைப் பாரு."

ஒரே அளவாக இருந்தது. அடிபாகத்தையும் தனியாக அப்படியே உருட்டினார். பிறகு இரண்டையும் முறுக்கிச் சேர்த்து, கியூவைச் செங்குத்தாகப் பிடித்து, அடியிலிருந்த ரப்பர் தரையில் படும்படி லேசாக இரண்டு தட்டு தட்டினார். தளர்ந்த ஜாயின்ட், உள்ளே ஆடும் எடைத்திருகு, பசை விட்ட ஃபெருல் ஏதாவது இருந்தால் அந்தத் தட்டில் ரீங்காரமாகக் கேட்டுவிடும். கேட்கவில்லை. கடைசியாக டிப்பை நகத்தால் அழுத்தினார். "கியூ நல்லாத்தான் இருக்கு. டிப்பை மட்டும் மாத்திடுவோம். இது பேருக்கு ஒட்டியிருக்கான்."

இவ்வளவும் சேர்ந்து சில நிமிஷம் ஆகியிருக்கும். இணையத்தில் வாங்கினாலும் பெட்டி வந்த அன்றே இந்த வரிசையில் பார்த்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் நாள் தாண்டியபின் வளைவைக் கண்டுபிடித்துப் பயனில்லை. ஷாஃப்ட்டைத் தனியாக, அடிபாகத்தைத் தனியாக, அப்புறம் சேர்த்து என்று பார்ப்பதுதான் முக்கியம். இரண்டும் நேராக இருந்து சேர்த்தபின் கோணலாக உருண்டால், கோளாறு ஜாயின்ட் முகப்பில் இருக்கிறது. ஒரு சின்னத் தூசி, காய்ந்த பசைத் துளிகூட அதைச் செய்யும். துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அண்ணே சொன்ன டிப் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கியூவில் பந்தைத் தொடுவது அது ஒன்றுதான். 58 அங்குல நீளத்தில் வெள்ளைப் பந்துடன் பேசுவது 13 மி.மீ. தோல். அந்தத் தொடுதலும் ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் மிங்கோ என்ற ராணுவ அதிகாரி முனையில் தோல் ஒட்டி ஆடும் முறையைப் பிரபலமாக்கினார் என்கிறார்கள். அதற்கு முன்னால் வெறும் மரமுனையால் பந்தின் நடுவை விட்டு விலகி அடித்தால் வழுக்கிவிடும். இன்று நாம் சைடு (பக்கவாட்டுச் சுழற்சி), ஸ்க்ரூ (பின்சுழற்சி), ஃபாலோ (முன்சுழற்சி) என்று பேசுவதெல்லாம் அந்தத் தோலால் வந்தவை.

விலை மலிவான கியூக்களில் நிறுவனம் காசு மிச்சம் பிடிக்கும் முதல் இடமும் அதுதான். ஆகவே கியூவின் பட்ஜெட்டிலேயே ஒரு நல்ல டிப்பையும் அதை மாற்றும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டிப்பில் இரண்டு வகை. ஒரே துண்டுத் தோலில் செய்தது ஒன்று: எல்க் மாஸ்டர், லெ ப்ரோ போன்றவை, மலிவு. நீல நிற எல்க் மாஸ்டரை நம் ஸ்னூக்கர் மேசைகளில் பார்த்திருப்பீர்கள், மென்மையானது. மெல்லிய பன்றித்தோல் அடுக்குகளை ஒட்டி அழுத்திச் செய்தது இன்னொன்று: ஜப்பானின் கமுயி, மூரி எல்லாம் இந்த வகை, விலை கூட. அடுக்கு டிப் சீக்கிரம் உருக்குலையாது, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரே துண்டில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து ஒன்று கல்லாகவும் ஒன்று பஞ்சாகவும் அமையலாம். புதியவர் மீடியம் கடினத்தில் அடுக்கு டிப் ஒன்றைப் போட்டுக்கொண்டால் அந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம்.

சாஃப்ட் டிப் போட்டால் ஸ்பின் அதிகம் வரும் என்று பார்லரில் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஸ்பின்னைத் தீர்மானிப்பது பந்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறோம், எவ்வளவு வேகமாக அடிக்கிறோம் என்ற இரண்டும்தான். டிப்பின் வேலை, அந்த இடத்தில் வழுக்காமல் பிடித்துக்கொள்வது. பந்தின் ஆரத்தில் ஏறத்தாழப் பாதி தூரம், அதாவது நடுவிலிருந்து சுமார் 14 மி.மீ. வரைதான் எந்த டிப்பும் பிடிக்கும்; அதைத் தாண்டினால் டக்கென்று வழுக்கி மிஸ்க்யூ ஆகும். அந்த எல்லைவரை நம்பிக்கையோடு போக வேண்டுமானால் டிப்பின் மேல்முகம் சீராக வளைந்திருக்க வேண்டும். நம் ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பை டிப்புக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் வளைவு ஏறத்தாழ அதனோடு ஒத்துப்போக வேண்டும். அமெரிக்காவில் நிக்கல் நாணயத்தை வைத்துப் பார்ப்பார்கள், அளவு பக்கத்தில்தான். அப்புறம் சாக். 1897இல் பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் வில்லியம் ஸ்பிங்க்ஸ் தன் கூட்டாளி ஒருவரோடு காப்புரிமை வாங்கிய அந்தக் கலவையில் சுண்ணாம்பு கிடையாது, சிலிக்காவும் ஒரு வகை அலுமினிய ஆக்சைடும்தான். டிப்புக்கும் வழவழப்பான பந்துக்கும் நடுவில் உராய்வைத் தருவது அந்தத் துகள்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் டிப்பின் முகம் முழுக்கப் படும்படி லேசாகத் தடவுங்கள். சாக் கட்டியை டிப்பின் மேல் வைத்து முறுக்கினால் நடுவில் குழிதான் விழும், டிப்பின் ஓரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது.

அந்தப் பையனின் டிப்பை அண்ணே அன்றைக்கே மாற்றினார். பழையதைப் பிளேடால் சீவி எடுத்துவிட்டு, ஃபெருலின் மேல்முகத்தை ஒரு தட்டையான மரக்கட்டையில் ஒட்டிய உப்புத்தாளில் மெதுவாகத் தேய்த்தார். அது கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் டிப் சாய்ந்துதான் உட்காரும் என்றார். புது டிப்பின் அடிப்பக்கத்தையும் கொஞ்சம் சொரசொரப்பாக்கி, இரண்டு பக்கமும் பசை தொட்டு, அழுத்திப் பிடித்துவிட்டு, இரவு முழுக்க அப்படியே விட்டுவிடச் சொன்னார். மறுநாள் கியூவைத் தலைகீழாகப் பலகைமேல் ஊன்றி, பிளேடை வெளிப்பக்கம் சரித்து, ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொண்டே ஓரத்தைச் சீவினார். ஃபெருலில் ஒரு கீறல் விழவில்லை. பிறகு ஓரத்தை எச்சில் தொட்டு ஈரமாக்கி, ஒரு தோல்துண்டால் சூடு வரும்வரை தேய்த்துப் பளபளப்பாக்கினார். டிப் பக்கவாட்டில் பிதுங்காமல் இருக்க அது. இந்த வேலை தெரிந்த ஒருவரை உங்கள் ஊரில் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கியூ வாங்கினாலும் அவர் தேவைப்படுவார்.

எடை. கடைகளில் அவுன்ஸ் கணக்கில்தான் போட்டிருப்பார்கள். பூல் கியூக்கள் பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ்; கிராமில் 510 முதல் 595. நடுவில் 19 அவுன்ஸ், அதாவது சுமார் 540 கிராம், உலகம் முழுக்க அதிகம் விற்பது. அதையே எடுங்கள். கனமான கியூ பலமாக அடிக்கும் என்பது பாதி உண்மை. கனம் கூடினால் அதே கையால் அதே வேகத்தில் வீச முடியாது. ஒரு அவுன்ஸ் கூடவா குறைவா என்பதைக் கை ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளும். பின்னால் மாற்றத் தோன்றினால் பல கியூக்களில் அடி ரப்பரைக் கழற்றி உள்ளேயிருக்கும் எடைத்திருகை மாற்றிக்கொள்ளலாம். நீளமும் அப்படித்தான், 58 அங்குலம் நம்மில் பெரும்பாலோருக்குச் சரி. ஆறு அடிக்கு மேல் நல்ல உயரம் என்றால் மட்டும் நீட்டிப்புத் துண்டு போடும் வசதி இருக்கிறதா என்று பார்க்கலாம். சிறுவர்களுக்குக் குட்டையான கியூக்கள் தனியாகக் கிடைக்கின்றன.

இப்போது டிஃப்ளெக்‌ஷன். விளம்பரங்களில் அதிகம் அடிபடும் சொல், கடையில் அதிகம் பணம் கேட்கும் சொல்லும் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

வெள்ளைப் பந்தின் வலப்பக்கம் அடித்தால் பந்து சுழன்றுகொண்டு போகும், மேசை ஓரத்து ரப்பரான குஷனில் பட்டதும் கோணம் மாறும். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வலப்பக்கம் அடித்த பந்து கியூ காட்டிய கோட்டில் புறப்படுவதில்லை. சற்று இடப்பக்கம் விலகித்தான் புறப்படுகிறது. இந்த விலகலுக்குத்தான் அந்தப் பெயர். காரணம் எளிது. அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் பந்து சுழலத் தொடங்கி, கியூவின் முனையை வலப்பக்கமாகத் தள்ளுகிறது. முனைக்கு எடை இருப்பதால் அது சும்மா நகராது, பந்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறது. முனை எவ்வளவு கனமோ விலகல் அவ்வளவு. அடிபாகத்தின் எடை இதில் சேராது. டிப்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குள் இருக்கும் எடைதான் கணக்கு. நன்றாகத் தள்ளி அடிக்கும்போது சாதாரண ஷாஃப்ட்டில் இரண்டு டிகிரி விலகல் தாராளமாக வரும். இரண்டு டிகிரி என்றால் நாலு அடி தூரத்தில் 4 செ.மீ.க்கு மேல். பந்தின் விட்டமே 5.7 செ.மீ. தான். சைடு போட்டால் மட்டும் பந்து ஏன் பாக்கெட்டில் விழமாட்டேன் என்கிறது என்று புதியவர்கள் புலம்புவதற்கு இதுதான் முதல் காரணம். போதாக்குறைக்கு, கியூவை எப்போதும் கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பதால், மெதுவாக அடித்த பந்து போகப் போகச் சுழற்சிப் பக்கமே வளைந்து திரும்பிவரும். வேகமாக அடித்தால் வளைய நேரம் இருக்காது.

இந்த விலகலைக் குறைக்கத்தான் லோ-டிஃப்ளெக்‌ஷன் ஷாஃப்ட்கள் வந்தன. 1994இல் தொடங்கிய பிரடேட்டர் நிறுவனம் 314 என்ற ஷாஃப்ட்டோடு இந்தச் சந்தையைத் திறந்தது. முனைக்குள் துளையிட்டு எடையைக் குறைத்து, ஃபெருலையும் சின்னதாக, லேசானதாக ஆக்கினார்கள். 2016இல் அதே நிறுவனம் ரெவோ என்ற கார்பன் ஃபைபர் ஷாஃப்ட்டைக் கொண்டுவந்த பிறகு, இன்று போட்டிகளைப் பார்த்தால் கறுப்பு ஷாஃப்ட்கள்தான் எங்கும். உண்மையிலேயே நல்ல பொருட்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் இவையும் விலகலைக் குறைக்கின்றன, அவ்வளவுதான். முழுக்க இல்லாமல் செய்யும் ஷாஃப்ட் எதுவும் இல்லை. எந்தக் கியூவை எடுத்தாலும் எவ்வளவு தள்ளிக் குறிவைக்க வேண்டும் என்பதைக் கண் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

அமெரிக்க பூல் சாம்பியன் வில்லி மஸ்கோனி 1954 மார்ச்சில் ஓஹியோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு காட்சி ஆட்டத்தில் ஸ்ட்ரெய்ட் பூலில் (விரும்பிய பந்தைச் சொல்லிப் போடும் பூல் வகை) 526 பந்துகளை ஒன்றுகூடத் தவறாமல் போட்டார். ஜான் ஷ்மிட் 2019இல் 626 போடும்வரை அந்த எண் 65 வருடங்கள் நின்றது. மஸ்கோனி கையில் இருந்தது திட மேப்பிள் ஷாஃப்ட், லோ-டிஃப்ளெக்‌ஷன் வருவதற்கு நாற்பது வருடம் முன்னால். ஸ்ட்ரெய்ட் பூலில் சைடு அவ்வளவாகத் தேவைப்படாதே என்று யாராவது கேட்பார்கள். ஆமாம், நான் சொல்லவருவதும் அதுதான். நடுக்கோட்டில் மேலும் கீழும் அடித்தே வெள்ளைப் பந்தை வேண்டிய இடத்தில் நிறுத்தப் பழகிய ஆட்டக்காரருக்கு டிஃப்ளெக்‌ஷன் பெரிய தொல்லையாக வராது. புதியவர் முதல் பல மாதங்கள் பழக வேண்டியதும் நடுக்கோட்டு ஆட்டம்தான். அங்கே விலை உயர்ந்த ஷாஃப்ட்டும் சாதாரண ஷாஃப்ட்டும் ஒன்றுபோலவே நேராக அடிக்கும். கையில் பணம் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது என்றால் லோ-டிஃப்ளெக்‌ஷனே வாங்குங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் வாங்கியபின் அதிலேயே இருங்கள். இந்த மாதம் அது, அடுத்த மாதம் நண்பனுடைய மேப்பிள், அப்புறம் மறுபடி அது என்று மாறினால் கண் எந்த விலகலைக் கற்றுக்கொள்ளும்?

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். ஜாயின்ட் எஃகா, மரத்தோடு மரமா என்பதில் சத்தமும் கைக்கு வரும் அதிர்வும் கொஞ்சம் மாறும், அவரவர் பிடித்தம். ஆனால் திருகு எந்த அளவு என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: 5/16-18, 5/16-14, 3/8-10, ரேடியல், யூனி-லாக் போன்று பரவலாகப் புழங்கும் ஒன்றாக இருந்தால் பின்னால் ஷாஃப்ட்டை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம். அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரிய திருகாக இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். கைப்பிடியில் ஐரிஷ் லினன் நூல் சுற்றியிருப்பது நம் வியர்வைக்கு நல்லது. தோல் சுற்றியது வழவழப்பாக இருக்கும். ஒன்றும் சுற்றாத மரமும் பலருக்குப் பிடிக்கும். கைப்பிடியில் இழைத்த வேலைப்பாடு ஆட்டத்தில் எதையும் மாற்றாது. புகழ்பெற்ற கியூ கைவினைஞர் ஜார்ஜ் பலபுஷ்காவே பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்டலிஸ்ட் என்ற பார்லர் கியூக்களின் அடிமரத்தை எடுத்துத்தான் தன் கியூக்கள் பலவற்றைச் செய்தார். இன்று அவற்றைச் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

விலை பற்றி என் அபிப்பிராயம்: முதல் கியூவுக்குப் பத்தாயிரம் ரூபாயைத் தாண்ட வேண்டியதில்லை. நேரான மேப்பிள் ஷாஃப்ட், இறுக்கமான ஜாயின்ட், பரவலான திருகு உள்ள கியூவை அதற்குள் வாங்கி, நல்ல டிப்பும் போட்டுக்கொள்ளலாம். பார்லரில் பழைய ஆட்டக்காரர் ஒருவர் புதிதுக்கு மாறும்போது தன் பழைய கியூவைக் கொடுக்க முன்வந்தால் யோசிக்காமல் போய்ப் பாருங்கள். பல வருடம் நம் ஊர்க் காற்றில் இருந்தும் நேராக நிற்கும் மரம் இனிமேலும் நேராக நிற்கத்தான் வாய்ப்பு அதிகம். இணையத்தில் பெரிய பெயர் பொறித்த கியூ நம்ப முடியாத விலையில் கிடைத்தால், அது போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சென்னை மாதிரி கடலோர ஊரில் மரக் கியூ வைத்திருப்பது கொஞ்சம் பொறுப்பான காரியம். மரம் ஈரத்தை உறிஞ்சும், விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வழவழப்பான ஷாஃப்ட்கூட லேசாகச் சொரசொரப்பாகி விரலில் தட்டும். மே மாதத்தில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போனால் பசையும் மரமும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பை முக்கியம், துணிப்பையைவிடக் குழாய் பொருத்திய கெட்டிப் பெட்டி நல்லது. வீட்டில் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் ஷாஃப்ட்டைத் துடைத்துவிட்டுப் பையில் போடுங்கள். வியர்வையும் சாக் தூசியும் சேர்ந்து பிசுபிசுத்தால் லேசாக ஈரத்துணி, உடனே உலர்துணி. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வழக்கத்தைப் பார்லர்களில் பார்க்கிறேன், எனக்கு மனசு வலிக்கும். ஒவ்வொரு தேய்ப்பிலும் ஷாஃப்ட் மெலிகிறது, திரும்ப வராது. கைவழுக்கலுக்குப் பவுடரைக் கொட்டுகிறவர்கள் மேசைத் துணியையும் சேர்த்துப் பாழாக்குகிறார்கள். மூன்று விரல் கையுறை ஒன்று போதும். கார்பன் ஃபைபருக்காக நான் வாதாடுவேன் என்றால் அது இந்த ஒரு காரணத்துக்குத்தான். அது ஈரத்தில் ஊதாது, வளையாது, ஒரு துடைப்பில் சுத்தமாகிவிடும். இரண்டாவது கியூ பற்றி யோசிக்கும் காலம் வரும்போது, கடலோரவாசிகளுக்கு அது நியாயமான செலவு.

பிரேக் அடிக்கத் தனிக் கியூ இப்போதைக்கு வேண்டாம். பார்லர் கியூவில் நேராக இருக்கும் ஒன்றை எடுத்து பிரேக் அடித்துவிட்டு உங்கள் கியூவுக்குத் திரும்புங்கள். உங்கள் டிப் அடித்து அடித்து இறுகிப்போகாமல் பிழைக்கும்.

புதுக் கியூ கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று இருக்கிறது. மேசையில் வேறு பந்து எதுவும் வேண்டாம். வெள்ளைப் பந்தை பிரேக் கோட்டின் (பிரேக் அடிக்கப் பந்தை வைக்கும் கோடு) நடுவில் வைத்து, எதிர்ச்சுவர் குஷனின் நடுவைப் பார்த்து நேராக, மிதமான வேகத்தில் அடியுங்கள். அடித்தபின் கியூவை அசைக்காமல் அப்படியே நிறுத்துங்கள். பந்து போய்ப் பட்டு உங்கள் டிப்புக்கே திரும்பி வர வேண்டும். இடமாகவோ வலமாகவோ விலகி வந்தால் நடுவில் அடிக்கவில்லை, தெரியாமலே சைடு விழுந்திருக்கிறது. சோதித்து வாங்கிய கியூவாக இருந்தால் இங்கே கியூவைக் குறை சொல்ல இடமே இல்லை, கையைத் திருத்த நேராக வேலையில் இறங்கலாம். தினமும் ஆட்டத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் இதைச் செய்யுங்கள்.

புது டிப் முதல் சில நாட்கள் அழுந்திக் கொஞ்சம் உயரம் குறையும், ஓரத்தில் லேசாகப் பிதுங்கும். அது இயல்பு. அடங்கியதும் மார்க்கரிடம் கொடுத்து ஒருமுறை ஓரத்தைச் சீவி, வளைவைச் சரிபண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அதைச் சும்மா விட்டுவிடலாம். பளபளத்துச் சாக் பிடிக்காமல் போனால் மட்டும் லேசாகச் சொரசொரப்பாக்கினால் போதும். ஓரத்தில் தோலின் உயரம் ஒன்றரை மி.மீ. அளவுக்கு இறங்கிவிட்டால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. அப்போதும் அதே பெயர், அதே கடினம் உள்ள டிப்பையே கேட்டு வாங்குங்கள்.